ஒன்பது புள்ளி நாலு ரெண்டு

1

இந்தக் கதையை நான் எழுத வந்ததே ஒரு கட்டுரையிலிருந்து தப்பிக்கத்தான். ஒளிப்பானேன்?

எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கையேடு கொடுப்பார்கள். எந்தக் கட்டடத்தில் எந்த அலுவலகம், நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், அடையாள அட்டை தொலைந்தால் யார் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நடுவில் நான்கு பக்கம் ‘மூத்த ஆசிரியர் ஒருவரின் சொற்கள்’. இந்த ஆண்டு அந்த நான்கு பக்கமும் என் தலையில் விழுந்தன. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘படிப்பில் வெற்றி, அறிவில் வளர்ச்சி’.

கையேட்டுப் பொறுப்பாளர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் கதையெல்லாம் எழுதுகிறவள் என்பதால் சுவையாக எழுதித் தருவேன் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. இரண்டு கதை அச்சில் வந்தால் போதும், பிரிவு உபசார மடலுக்குக்கூட நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். உட்கார்ந்து எழுதினேன்:

அன்பு மாணவர்களே, கல்வியில் வெற்றியின் முதல் படி நேர்மை. ஆய்வகத்தில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அளவீடும்

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை, பாருங்கள். இந்த வாக்கியத்தை எழுத உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் யோக்கியதை இருக்கலாம், எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதை.

2

தொடக்கம் ஒன்று: ‘இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் ஆண்டு இயற்பியல் ஆய்வகத்தில், எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார்.’ (கூட்டாளி என்றதும் சேர்ந்து திருடியது போல இருக்கிறது. திருடியது நான் மட்டும்தான்.)

தொடக்கம் இரண்டு: ‘அவரை எல்லோரும் எடைமேடை அக்கா என்று அழைத்தோம்.’

இது பரவாயில்லை. இதிலேயே போகிறேன்.

நாங்கள் எல்லாம் பதினேழு, பதினெட்டு. அவருக்கு இருபத்திரண்டு. பள்ளி முடித்தபின் நான்கு வருடம் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர். லாரி மேடைமேல் ஏறும், கண்ணாடி அறைக்குள் முள் ஆடும், நின்றதும் எண்ணைப் பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் நாள் முதலாளி சொன்னது ஒன்றே ஒன்றுதானாம்: முள் நிற்பதற்கு முன்னால் பேனாவைத் தொடாதே.

கல்லூரிக்கு அனுப்ப அவருடைய அண்ணன் ஒரு நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டார். ஒரு வருடம். எல்லாத் தாளிலும் தேறினால் மேலே படிக்கலாம். தேறாவிட்டால் திரும்பி வந்து சீட்டு எழுத வேண்டியதுதான். கல்லூரியும் அண்ணனுக்கு இளைத்ததில்லை. முதலாம் ஆண்டில் ஒரு தாளில் தவறினாலும் விடுதி அறை போய்விடும். அக்காவின் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வர ஐந்து மணி நேரம். ஆக, அறை இல்லை என்றால் படிப்பும் இல்லை. இதை அவர் சேர்ந்த முதல் வாரமே எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

சேர்ந்த வரிசைப்படிதான் பதிவெண். நான் கடைசி நாளில் சேர்ந்தவள், அவர் கடைசி நாளின் கடைசி மணியில். அதனால்தான் ஒரே மேசையில் கூட்டாளிகள் ஆனோம். அவர் என்னைப் ‘பாப்பா’ என்று கூப்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

* இங்கே ஒரு சந்தேகம். இந்த அக்கா கொஞ்சம் அதிகமாகவே நல்லவராக வருகிறாரோ? படிக்கிறவர்களுக்கு இப்போதே மூக்கு வியர்த்திருக்கும். அதனால் சொல்லிவிடுகிறேன்: அக்கா பேனா இரவல் வாங்கினால் திரும்பி வராது. வகுப்பில் வாயைப் பிளந்து தூங்குவார். கணக்குப் போடும்போது வாய்ப்பாட்டை முணுமுணுப்பார், பக்கத்தில் இருப்பவளுக்குத் தலைவலி வந்துவிடும். ஒருமுறை என் துண்டை எடுத்துக் குளித்துவிட்டு, நனைந்த துண்டையே என்னிடம் நீட்டினார்.

3

இனி எங்கள் ஆய்வகத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அறிவியல் படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கு இது தெரியும். தெரியாது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

செய்முறைப் பயிற்சியில் விடை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். தனி ஊசலை ஆடவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்த்துக் கணக்குப் போட்டால், புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும். வராவிட்டால் ரெக்கார்டு நோட்டில் சிவப்புப் பேனாவால் ‘மீண்டும் செய்க’ விழும். அதனால் என்ன செய்வோம்? விடையைக் கீழே எழுதிக்கொள்வோம். அங்கிருந்து தலைகீழாகக் கணக்குப் போட்டு, எத்தனை நொடி வந்திருந்தால் இந்த விடை வரும் என்று கண்டுபிடித்து, அதை மேலே ரீடிங் பகுதியில் நிரப்புவோம். சந்தேகம் வராதிருக்க அங்கங்கே கொஞ்சம் கூட்டிக் குறைப்போம். இதற்குச் ‘சமைக்கிறது’ என்று பெயர். ‘சமைச்சிட்டியா?’ என்று சீனியர்கள் நலம் விசாரிக்கிற மாதிரி கேட்பார்கள். நான் நல்ல சமையல்காரி. இரண்டே மாதத்தில் வகுப்பே என் நோட்டைத்தான் பார்த்து எழுதியது.

[கதை எழுதுவதும் இப்படித்தான் என்று ஒரு வரி இங்கே இருந்தது. முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற சம்பவங்களை மேலே நிரப்புகிறோம் என்று. சாமர்த்தியமான வரி. சாமர்த்தியத்தால்தான் இத்தனையும் வந்தது என்பதால் அடித்துவிட்டேன்.]

எங்கள் மேசைக்குக் கிடைத்தது ஏழாம் எண் ஸ்டாப்வாட்ச். அக்கா ஊசலை ஆடவிட்டார், பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எண்ணினார், பார்த்தார், எழுதினார். விடை ஒன்பது புள்ளி நான்கு இரண்டு. மறுபடி செய்தார். அதே விடை. நான் என் நோட்டில் ஒன்பது புள்ளி ஏழு ஒன்பது என்று போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அவர் நோட்டில் ‘மீண்டும் செய்க’ விழுந்தது. அடுத்த வாரம் மறுபடி செய்தார். மறுபடி சிவப்பு. ஐந்து வாரம் இப்படி. மற்றவர்கள் லென்சுக்கும் காந்தத்துக்கும் போய்விட்டார்கள், அக்கா மட்டும் ஊசலோடு நின்றுகொண்டிருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஊரோடு ஒத்துப் போங்க அக்கா, நான் சமைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். உண்மையாகவே அவர்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னேன்.

“முள்ளு காட்டாத நம்பர நான் எழுதினா, லாரி எங்கயோ போய் பாலத்தை உடைக்கும் பாப்பா” என்றார்.

இங்கே ஏது லாரி, ஏது பாலம் என்று கேட்டேன். அவர் மறுபடி ஊசலை ஆடவிடப் போய்விட்டார். பதில் எனக்கு இப்போது தெரிகிறது.

4

வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு. சீட்டு எடுத்ததில் அக்காவுக்கு ஊசல் வந்தது. வாட்ச்சும் அதே ஏழாம் எண். அவர் ஒன்பது புள்ளி நான்கு இரண்டு என்று எழுதினார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் விளக்கம் கேட்டார், வாட்ச்சில் கோளாறு என்றார் அக்கா. தேர்வாளர் ஏற்கவில்லை. அக்கா தவறிவிட்டார். வாட்ச்சில் உண்மையிலேயே கோளாறு இருந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. அப்போது தெரிந்திருந்தால்

5

இல்லை. நான்காம் பகுதி சமைத்தது.

அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. ஆனால் அது அங்கேயே இருக்கட்டும். இருபத்தாறு வருடமாக என்னையும் சேர்த்து எல்லோருக்கும் அந்தக் கதையைத்தான் சொல்லிவந்தேன். எவ்வளவு வழவழவென்று இருக்கிறது, பார்த்தீர்களா? உண்மை அப்படி இருக்காது.

நடந்தது இது. ஐந்தாவது வாரம் அக்காவின் நோட்டில் சிவப்பு விழுந்ததும், வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவர் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆய்வகச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு, கல்லூரி மணி அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். நொடி முள் பன்னிரண்டுக்கு வந்ததும் அக்கா ஏழாம் எண் வாட்ச்சை அழுத்தினார். பத்து நிமிடம் இருவரும் முள்ளைப் பார்த்தபடி நின்றோம். சுவர்க் கடிகாரத்தில் சரியாகப் பத்து நிமிடம் ஆனபோது நிறுத்தினார். வாட்ச் பத்து நிமிடம் பன்னிரண்டு நொடி காட்டியது. இன்னொரு முறை. அதே பன்னிரண்டு நொடி. வாட்ச் வேகமாக ஓடுகிறது. ஆட்ட நேரம் அதிகமாகக் காட்டும், விடை குறையும். எவ்வளவு குறையும் என்று அங்கேயே நின்று நான்தான் கணக்குப் போட்டேன். வாட்ச்சைத் திருத்திப் பார்த்தால் அக்காவின் விடை ஒன்பது புள்ளி எட்டுக்கு வந்துவிட்டது.

அதாவது, அந்த வகுப்பில் ஒழுங்காகச் சோதனை செய்த ஒரே ஆள் அவர்தான். அந்த வாட்ச் எத்தனை வருடமாக அப்படி ஓடியதோ, எத்தனை பேர் கையில் போனதோ, அத்தனை பேரும் சமைத்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டம் கூட்டமாகப் படித்துப் பட்டம் வாங்கிப் போயிருக்கிறோம், ஒரு வாட்ச் தப்பாக ஓடுவதைக் கண்டுபிடிக்க எடைமேடையிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

அக்காவின் முகம் அன்று எப்படி இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் பார்க்கவில்லை. என் நோட்டில் இருந்த ஒன்பது புள்ளி ஏழு ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் எண் வாட்ச்சில் அந்த எண் வரவே வராது என்பதற்கு இப்போது கணக்கும் இருக்கிறது, அதைப் போட்டவளும் நான்தான்.

சாரிடம் சொல்லலாம் என்றார் அக்கா. தேர்வு முடியட்டும், இப்போது சொன்னால் நம் எல்லோருடைய நோட்டையும் மறுபடி பார்ப்பார்கள் என்றேன். நம் எல்லோருடைய என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். பாப்பாவுக்குக் கஷ்டம் வரக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. [இதை அழிக்க வேண்டும். அவர் நினைத்தது எனக்கு எப்படித் தெரியும்?]

6

தேர்வன்று நான் அடுத்த மேசையில் லென்ஸ் வைத்துக்கொண்டிருந்தேன். தேர்வாளர் அவசரக்காரர். இன்னும் இருபது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா பதற்றமில்லாமல் சொன்னார்: வாட்ச் பத்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு நொடி அதிகம் ஓடுகிறது, சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம், ஐயா விரும்பினால் இப்போதே பார்க்கலாம். பார்த்தோம் என்றுதான் சொன்னார். யார் யார் என்று சொல்லவில்லை.

எங்கள் செய்முறை ஆசிரியர் முகம் சிறுத்துப்போய்ப் பக்கத்தில் நின்றார். அவர் கையெழுத்துதான் எல்லா நோட்டிலும் இருந்தது. பத்து நிமிடம் நிற்க நேரமில்லாத தேர்வாளர் சுற்றிப் பார்த்து, ஆசிரியரிடம் ஏதோ கேட்டு, என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நீதானே இவங்க கூட செய்யறவ? இதே வாட்ச்ல உனக்கு எவ்வளவு வந்துச்சு?”

“ஒன்பது புள்ளி ஏழு ஒன்பது சார்.”

“அப்ப வாட்ச்?”

“சரியாதான் சார் ஓடுது.”

அவ்வளவுதான். மூன்று வார்த்தை. என்னை யாரும் மிரட்டவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. பயந்தேன், உண்மை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது: நான் வகுப்பில் முதல். அது போய்விடக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், நான் மறைத்தது ஒரு ஆளை.

அக்கா தன் நோட்டை மூடி, ஓரத்தைத் தட்டி நேராக வைத்தார்.

தேற நாற்பது வேண்டிய இடத்தில் அக்காவுக்கு முப்பத்தொன்று வந்தது. நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். விடுதியை அவர் காலி செய்த காலையில் நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அவர் காலடிச் சத்தம் படியிறங்கி முடியும்வரை நின்றிருந்தேன். வெட்கக்கேடு. இதற்கு வேறு நல்ல சொல் எதையும் நான் தேடப் போவதில்லை.

7

இந்த இடத்தில் முடிவு வேண்டும். கையேட்டுப் பொறுப்பாளர் இதுவரை படித்துவிட்டு, மாணவர்களுக்கு நம்பிக்கை தருகிற மாதிரி முடித்துவிடுங்கள் மேடம் என்றார். சில முடிவுகளை முயன்று பார்த்தேன்.

முடிவு அ: அக்கா விடாமுயற்சியால் தொலைநிலைக் கல்வியில் படித்து, இன்று அளவுக் கருவிகளைச் சோதிக்கும் ஒரு பெரிய நிறுவனத்தில் (கேட்பதற்கு இனிக்கிறது. எனக்குத் தெரியாது. சமையல்.)

முடிவு ஆ: நான் திருந்தினேன். ஆசிரியையாகி, ஒரு மாணவரைக்கூடச் சமைக்க விடாமல் (நிறுத்துங்கள். இருபத்திரண்டு வருடமாக நானும் சிவப்புப் பேனாதான் வைத்திருக்கிறேன். ஒரு மேசையில் முப்பது நோட்டு குவிந்தால், விடை பொருந்தாததைக் கண்டவுடன் கை தானாக ‘மீண்டும் செய்க’ என்று எழுதுகிறது. அவர்களில் எத்தனை பேர் உண்மையைக் கொண்டுவந்தார்கள் என்று நான் எண்ணியதில்லை. போன மாதம்கூட ஒரு பையன் ‘கருவியைப் பாருங்க மேடம்’ என்றான். பிறகு பார்க்கலாம் என்றேன். இன்னும் பார்க்கவில்லை.)

முடிவு இ: நான் அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார்.

இதில் தேடிப் போனது மட்டும் நடந்தது.

8

அந்த விடுமுறையிலேயே போனேன். சித்தி வீட்டுக்கு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஐந்து மணி நேரம் பேருந்தில். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

எடைமேடை சாலையை ஒட்டியே இருந்தது. மூன்று லாரிகள் வரிசையில் நின்றன. கண்ணாடி அறைக்குள் அக்கா. பின்னால் பெஞ்சில் அவருடைய அண்ணன் உட்கார்ந்து எடைச் சீட்டுகளை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்தேவிட்டார். பாப்பா வந்திருக்கு என்று அண்ணனிடம் சொல்லி, தன் நாற்காலியை எனக்குப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். எனக்கு ரிசல்ட் எப்படி என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

“அந்த ஏழாம் நம்பர் வாட்ச மாத்திட்டாங்களா?”

“மாத்திட்டாங்கக்கா.”

“நெஜமாவா?”

“நெஜமா. புதுசு வாங்கிட்டாங்க. நீங்க சொன்னதாலதான்.”

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு திரும்பி அண்ணனிடம் சொன்னார்.

“அண்ணே, கேட்டியா? வாட்ச மாத்திட்டாங்களாம். ஃபெயிலானாலும் ஒரு வேலை நடந்திருக்கு பாரு.”

அண்ணன் தலைநிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. நான் சொல்ல வந்தது எதுவும் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவரைச் சந்தோஷப்படுத்த என்று பல காலம் நம்பினேன். இல்லை. கேள்வி கேட்டதும் எனக்கு எதிரில் இருப்பவருக்குப் பிடித்த விடை தெரிந்துவிட்டது. அதை எழுதிவிட்டேன். முதல் வருடம் முழுக்க நான் கற்றுக்கொண்டது அதைத்தான்.

வாட்ச்சை யாரும் மாற்றவில்லை. அடுத்த இரண்டு வருடமும் நான் அதே ஆய்வகத்துக்குப் போய்வந்தேன். பெட்டியில் ஏழாம் எண் இருந்தது, புதுப் பிள்ளைகள் எடுத்துப் போனார்கள். ஆய்வக உதவியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

9

அக்காவை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. அந்தச் சாலையை அகலப்படுத்தியபோது எடைமேடையை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அதனால் முடிவு என்னிடம் இல்லை, எழுதித் தரவும் மாட்டேன். பொறுப்பாளர் வேண்டுமானால் நான்கு பக்கத்தையும் நூலக விதிமுறைகளால் நிரப்பிக்கொள்ளட்டும்.

அச்சிட்டால், ஆயிரத்து இருநூறு பேர் இதைக் கையில் வாங்குவீர்கள். பாதிப் பேர் பேருந்திலேயே விட்டுவிடுவீர்கள் என்று தெரியும். மீதிப் பேருக்குத்தான் சொல்கிறேன். உங்கள் அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ, ஐம்பதை நெருங்கும் யாராவது ஒருவர், சிறு வயதில் எடைமேடையில் சீட்டு எழுதியவராக இருக்கலாம். ஒரு வருடம் மட்டும் கல்லூரிக்குப் போனவராக இருக்கலாம். தேறவில்லை, ஆனாலும் என்னால் அங்கே ஒரு வாட்ச்சை மாற்றினார்கள் என்று உங்களிடம் எப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம்.

அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இருபத்தாறு வருடமாக என்னால் முடியவில்லை. சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்: மாத்தவே இல்லையாம். நீங்க சொன்னது சரின்னு அன்னிக்கே பாப்பாவுக்குத் தெரியுமாம்.